சமாதானச் சேதி வந்து சேராத உடம்பு

(நீண்ட இழை. போர் வீரர்கள், அவர்களின் தூங்காத இரவுகள், நாய்கள் பற்றியது. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.)

1.
கடலூர்க்காரங்க பலருக்கே தெரியாத ஒரு சண்டையிலிருந்து தொடங்குறேன்.

1783 ஜனவரி 20. பிரிட்டனும் பிரான்சும் வெர்சாய் நகரில் முதற்கட்ட சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் முடிந்தது. ஆனால் சேதி கப்பலில்தான் வரணும். நம்ம கரைக்கு வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது.

அதற்குள் ஜூன் மாதம் பிரிட்டிஷ் படை கடலூரை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும். ஜூன் 13 அன்று நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. மாதக் கடைசியில்தான் தகவல் வந்தது: போர் எப்போதோ முடிந்துவிட்டது!

ஜூனில் செத்தவர்கள் எல்லாம் முடிந்துபோன போரில் செத்தவர்கள். அதில் மெட்ராஸ் சிப்பாய்களும் உண்டு. நம்ம ஆட்கள்தான்.

2.
ஒரு டாக்டர் இதை எதுக்குச் சொல்றேன்?

பிடிஎஸ்டி என்ற நோயை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 'போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்' என்பதன் சுருக்கம். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று சொல்லலாம்.

போர் முடிந்து பத்து வருஷம், இருபது வருஷம் ஆகியிருக்கும். பென்ஷன் வருது, பேரப்பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது. ஆனால் அவர் உடம்புக்கு மட்டும் இன்னும் சேதி வந்து சேரவில்லை. அது இன்னும் காவலில் நிற்கிறது.

3.
இதன் அறிகுறிகளை நாலு வகையாகப் பிரிக்கிறோம்.

ஒன்று, நடந்தது திரும்பத் திரும்ப வரும். கெட்ட கனவாக, அல்லது பட்டப்பகலிலேயே கண்முன் நடப்பது போல.
இரண்டு, அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது.
மூன்று, மனசு மரத்துப்போவது. குற்ற உணர்ச்சி, எதிலும் பிடிப்பின்மை, 'எல்லாரும் செத்தாங்க, நான் ஏன் பிழைச்சேன்' என்ற கேள்வி.
நாலு, ஓயாத உஷார் நிலை. தீபாவளி வெடிச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, கூட்டத்தில் நிற்க முடியாமை, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம்.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் கெடுத்தால் அது பிடிஎஸ்டி.

4.
கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம்ம மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு வரை இழப்பு இல்லாத குப்பம் குறைவு. அதற்கப்புறம் பல வருஷம் 'கடல் உள்வாங்குது' என்று யாரோ ஒருத்தர் கத்தினால் போதும், ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். யோசித்து ஓடுவதில்லை அது. கால் தானாக ஓடும்.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவ கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வில், பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி இருந்தது தெரியவந்தது. எட்டுப் பேரில் ஒருவர்.

மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கு. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் வேலை. பிடிஎஸ்டியில் அந்த மணி நிற்க மாட்டேன் என்கிறது.

5.
இந்த நோய்க்குப் பெயர் வைக்கவே மருத்துவ உலகம் நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1871-ல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், நெஞ்சு படபடப்போடு வந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். 'சிப்பாயின் இதயம்' என்று பெயர் வந்தது. முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்'. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்பவர் அதை லான்செட் இதழில் எழுதினார். குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். பக்கத்தில் குண்டே விழாதவனுக்கும் அதே நடுக்கம் வந்தபோதுதான் குழப்பம் வந்தது.

அந்தப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகத் தன் படையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டன் 2006-ல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேர் இன்று மனநல ஓபியில் சீட்டு வாங்கி உட்கார வேண்டியவர்கள் என்று யோசித்துப் பாருங்க.

வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல்தான் பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரப்பூர்வ கையேட்டில் ஏறியது.

நம்ம ஊரில் இதற்கு 'பயந்த கோளாறு' என்று ஒரு பெயர் ரொம்ப காலமாவே இருக்கு. வேப்பிலை அடிப்பார்கள், திருநீறு போடுவார்கள். சிகிச்சையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 'இவன் கோழை இல்லை, இவனுக்கு ஏதோ ஆயிருக்கு' என்று ஊர் புரிந்துகொண்டதே, அது பெரிய விஷயம்.

6.
சரி, இதில் நாய் எங்கே வருது?

திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் கிடைத்தது. சுமார் 1,400 வருஷம் பழசு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். அதே கல்லில் ஒரு நாயும் இருக்கு. அதற்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல்லவர் காலத்துச் சிப்பாய் ஒருவனின் பெயரே நமக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். இங்கே அவன் நாயின் பெயரும் கிடைத்திருக்கு. வீரன் விழுந்த பிறகும் காவல் நின்றதால்தான் அதற்குக் கல்லில் இடம். அந்தக் 'காவல்' என்ற சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் வேண்டியிருக்கும்.

7.
காயம்பட்ட வீரனுக்கு நாயைப் பயிற்சி கொடுத்து ஒப்படைப்பது என்பது முதல் உலகப் போரில் தொடங்கியது.

அந்தப் போரை நம்ம ஊர் 'எம்டன்' என்ற ஒரே சொல்லில் ஞாபகம் வைத்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது. அதே போரில் ஐரோப்பாவில் விஷவாயுவிலும் குண்டுச் சிதறலிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பார்வை இழந்தார்கள்.

கெர்ஹார்ட் ஷ்டாலிங் என்ற ஜெர்மன் மருத்துவர் பார்வை இழந்த ஒரு சிப்பாயோடு நடந்துகொண்டிருந்தபோது அவசர அழைப்பு வந்ததாம். தன் நாயை அவனிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், நாய் அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கதை சொல்வார்கள். உறுதியான வரலாறு என்னவென்றால், 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் போரில் பார்வை இழந்தவர்களுக்காக வழிகாட்டி நாய்ப் பள்ளியை அவர் தொடங்கினார். உலகத்திலேயே முதல் பள்ளி. அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்ற பள்ளி வந்தது 1929-ல்.

8.
கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு நாய் என்பது கொஞ்சம் தாமதமாக வந்தது. அதில் எனக்குப் பிடித்த பெயர் ஸ்மோக்கி.

1944-ல் நியூ கினி காட்டில், ஒரு பதுங்கு குழிக்குள் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கிடைத்த குட்டி நாய். யார்க்ஷயர் டெரியர் வகை. எடை இரண்டு கிலோகூட இல்லை. அதை வளர்த்த பில் வின் என்ற சிப்பாய்க்கு டெங்கு வந்து ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். நண்பர்கள் அவரைப் பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்ற படுக்கைகளில் இருந்த காயம்பட்ட வீரர்களின் முகம் மாறுவதை நர்ஸ்கள் கவனித்தார்கள். அப்புறம் என்ன, தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் மாதிரி ஸ்மோக்கிக்கும் ரவுண்ட்ஸ்!

அதே காலத்தில் நியூயார்க் அருகே பாலிங் என்ற இடத்தில், விமானப்படை வீரர்களுக்கான ஓய்வு மருத்துவமனையில் நாய்களையும் பண்ணை விலங்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1960-களின் தொடக்கத்தில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தைகள் உளவியலாளர், யாரோடும் பேசாத பிள்ளைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் இருந்தால் பேசுவதைப் பதிவு செய்தார். சக நிபுணர்கள் சிரித்தார்கள். 'ஃபீஸில் நாய்க்கு எத்தனை பங்கு?' என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

9.
இங்கே ஒரு தெளிவு வேணும். மூன்று விதமான நாய்கள் இருக்கு. குழப்பிக்கக் கூடாது.

வீட்டுச் செல்ல நாய்: அன்பு தரும், துணை தரும். தனிப் பயிற்சி கிடையாது.
தெரபி நாய்: மருத்துவமனை, சிறப்புப் பள்ளி போன்ற இடங்களுக்குப் போய்ப் பலரோடும் பழகும்.
சர்வீஸ் டாக் எனப்படும் உதவி நாய்: ஒரே ஒருவருக்காக, அவருடைய குறைபாட்டுக்குத் தேவையான வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்டது.

பிடிஎஸ்டி உள்ள வீரருக்கு உதவி நாய் என்ன செய்யும்? கெட்ட கனவில் உடம்பு உதறும்போது மூக்கால் இடித்து எழுப்பும். வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பின்பக்கம் பார்த்து நிற்கும், யாரும் முதுகை ஒட்டி வராதபடி. மூச்சு வேகமாகி கை நடுங்கத் தொடங்கினால் மடியில் ஏறிச் சாயும், நினைவை இந்த நிமிஷத்துக்குக் கொண்டுவரும். இதைப் பழக்க மாதக்கணக்கில், சில நேரம் இரண்டு வருஷம்கூட ஆகும். செலவு பல லட்சம்.

10.
'இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு, ஆதாரம் என்ன?' என்று கேட்பீங்க. கேட்கணும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2011-ல் ஒரு ஆய்வைத் தொடங்கியது. சில நாய்கள் வீரர்களின் வீட்டுக் குழந்தைகளைக் கடித்ததால் 2012-ல் அதை நிறுத்தினார்கள். திட்டத்தைத் திருத்தி மறுபடி செய்து 2021-ல் முடிவு வந்தது. 181 வீரர்களுக்கு நாய் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு முழுப் பயிற்சி பெற்ற உதவி நாய், மற்றவர்களுக்கு நல்லபடி பழகிய துணை நாய். இரண்டு தரப்பிலுமே அறிகுறிகள் குறைந்தன. 18 மாதத்தில் உதவி நாய் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது, தற்கொலை எண்ணமும் நடத்தையும் குறைவாக இருந்தது. ஆனால் அன்றாட வேலைத் திறன், வாழ்க்கைத் தரம் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

2024-ல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் 156 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. மூன்று மாதம் கழித்து, யாரிடம் நாய் இருக்கு என்று தெரியாத மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். உதவி நாய் பெற்றவர்களுக்கு பிடிஎஸ்டி இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 66 சதவீதம் குறைவு. ஆனால் இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை. இரண்டு பக்கமும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது.

என் வாசிப்பு: நாய் மட்டும் நோயைத் தீர்க்காது. மாத்திரையோடும் ஆலோசனை சிகிச்சையோடும் சேர்ந்து நல்ல பலன் தரலாம். 2021 ஆகஸ்டில் அமெரிக்கா இதற்காக ஒரு சட்டமே போட்டது: பிடிஎஸ்டி உள்ள முன்னாள் வீரர்கள் நாய்களைப் பழக்குவதையே சிகிச்சையின் பகுதியாக்கும் முன்னோட்டத் திட்டம்.

11.
எப்படி வேலை செய்கிறது?

2015-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்யும் அதே ஹார்மோன். ஒரு காரணம் இது.

இன்னொன்று சாதாரணமான காரணம். நாய்க்குக் காலையில் வெளியே போகணும். வாசலைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்தவர் தெருவில் இறங்குவார். எதிரே வருபவர் 'என்ன பேருங்க இதுக்கு?' என்று கேட்பார். போரைப் பற்றிக் கேட்காத ஒரு பேச்சு ஆரம்பிக்கும்.

மூன்றாவது காரணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு நோயாளி.

12.
சிதம்பரம் பக்கத்துக் கிராமம். ஐம்பதைத் தாண்டிய முன்னாள் ராணுவ வீரர். அடையாளம் வேண்டாம். பிரஷர் மாத்திரைக்காக வருபவர். ஒருநாள் கூட வந்த மனைவிதான் பேசினார்: 'ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கொல்லைக்கும் வாசலுக்குமா நடக்கறாரு டாக்டர். தாழ்ப்பாள ஆட்டி ஆட்டிப் பாக்கறாரு. பதினஞ்சு வருஷமா இதே கதைதான்.'

மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். மாத்திரையும் ஆலோசனையும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். இதற்கிடையில் ஒரு தெருக்குட்டி அந்த வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கினது. தடுப்பூசி போடச் சொன்னேன், போட்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்து வந்தபோது, 'ஐயா, தூக்கம் எப்படி இருக்கு?' என்றேன்.

'இப்ப எழுந்தாலும் ஜன்னல் வழியா அத ஒரு பார்வ பாப்பேன் டாக்டர். அது சும்மா சுருண்டு படுத்திருந்தா ஒண்ணும் இல்லனு அர்த்தம். திரும்பப் படுத்துருவேன்.'

13.
இது ஆய்வு முடிவு இல்லை, ஒரு ஆளின் அனுபவம். மாத்திரையின் பங்கும் அதில் இருக்கு. ஆனால் அவர் சொன்னதில் மருத்துவம் இருக்கு.

'நீங்க பத்திரமா இருக்கீங்க' என்று மனைவி சொன்னார், மகன் சொன்னான், நானும் சொன்னேன். அவர் மனசு நம்பியது, உடம்பு நம்பவில்லை. நமக்குக் கேட்காத சத்தம் நாய்க்குக் கேட்கும், நமக்கு எட்டாத வாசனை அதற்கு எட்டும் என்று அந்த உடம்புக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒன்று அசையாமல் தூங்குகிறதென்றால் வெளியே எதிரி இல்லை. அது குரைக்காமல் இருப்பதுதான் அவருக்கு வந்த சமாதானச் சேதி. பதினைந்து வருஷமாக அவர் தனியாகப் பார்த்த காவலை அது மாற்றிக்கொண்டது. கோவிவன் பார்த்த அதே வேலை.

14.
இந்தியாவில் நிலைமை என்ன?

சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 2001-லேயே, ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நாய்கள் போயின. அது தெரபி நாய் வகை. பிடிஎஸ்டி உள்ள முன்னாள் வீரருக்குப் பயிற்சி பெற்ற நாயை அரசே கொடுக்கும் திட்டம் நம்மிடம் இல்லை.

ஆனால் நாய்களைப் பழக்கும் திறமை இருக்கு. மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் பிரிவு வெடிகுண்டு மோப்பம் முதல் பனிச்சரிவு மீட்பு வரை நாய்களைப் பழக்குகிறது. ஒரு காலத்தில் பணி ஓய்வு பெற்ற நாய்களைக் கருணைக்கொலை செய்து வந்தார்கள். 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இது வெளியே வந்து, எதிர்ப்பு கிளம்பி, இப்போது தத்துக் கொடுக்கிறார்கள். ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் பிறந்த மண் நம்முடையது. நாய்களை வாழவிட்ட அடுத்த கட்டமாக, ஏன் இதை யோசிக்கக் கூடாது?

கார்கில் பார்த்தவர்களும், 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போய் வந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தப் போரின் மறுபக்கத்தில் நின்ற ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நம்ம மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களிலேயே இருக்கிறார்கள். யூனிஃபார்ம் போட்டவனுக்கு மட்டும் வரும் நோய் இல்லை இது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரால் ஒரு சமூகமே சேர்ந்து காயப்படுவதைப் பற்றிப் பல வருஷமாக எழுதி வருகிறார்.

15.
படித்துவிட்டு உடனே யாருக்காவது நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துடாதீங்க. சில விஷயங்கள்:

• முதலில் சிகிச்சை. மனநல மருத்துவரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இலவசம். டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். நாய் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

• நாய் வேணுமா என்று அவரே முடிவு செய்யணும். நாய்க்குப் பயப்படுபவருக்கு அது இன்னொரு தொல்லை. கோபம் கட்டுக்கடங்காமல் இருக்கும் கட்டத்தில் நாய்க்கும் நல்லதில்லை.

• நாய்க்கு வருஷா வருஷம் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். வளர்த்த நாயே கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஊசி இலவசம். சீட்டில் எழுதிய தேதிகளில் ஒன்றையும் விடாதீங்க. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

• கெட்ட கனவில் இருப்பவரைத் தொட்டு உலுக்கி எழுப்பாதீங்க. கனவில் அவர் யாரோடு போராடுகிறாரோ, அந்த அடி உங்கள் மேல் விழலாம். கொஞ்சம் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லி, 'நம்ம வீட்லதான் இருக்கீங்க' என்று நிதானமா சொல்லுங்க.

• 'மிலிட்டரிக்காரர் இதுக்கெல்லாம் பயப்படலாமா?' என்று மட்டும் கேட்காதீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வருஷக்கணக்கில் ஓபி பக்கமே வருவதில்லை.

16.
உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். கல்யாண வீட்டில் எப்போதும் சுவரை ஒட்டிய நாற்காலியில், வாசலைப் பார்த்து உட்காருபவர். தீபாவளி அன்று காணாமல் போகிறவர். குடிகாரர் என்றோ முசுடு என்றோ ஊர் முத்திரை குத்தியவர்.

இந்த இழையை அவருக்கு அனுப்புவதைவிட அவர் வீட்டுப் பெண்களுக்கு அனுப்புங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவரோடு விழித்திருப்பது அவர்கள்தான்.